மற்போர்க் கலைகள்: எதைக் கற்பது, எங்கே கற்பது?

சண்டைக் கலைகளை இரு பெரும் வகையாகப் பிரிப்பது வழக்கம். கையாலும் காலாலும் தாக்கும் கராத்தே, குத்துச்சண்டை, டேக்வாண்டோ போன்றவை முதல் வகை. எதிராளியைப் பற்றிப் பிடித்து, நிலைகுலைத்து, கீழே வீழ்த்தி, தரையில் அழுத்தியோ மூட்டை மடக்கியோ அடக்கும் கலைகள் இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகையைப் பொதுவாக மற்போர்க் கலைகள் எனலாம். ஜூடோ, பிரேசிலிய ஜியு-ஜிட்சு, மல்யுத்தம், ரஷ்ய சாம்போ ஆகியவை இவற்றுள் இன்று உலகெங்கும் பயிலப்படுபவை. எதைக் கற்பது என்ற கேள்வி எழும்போது பலர் கலையின் தொன்மையையும், அது பிறந்த நாட்டையும், அதைப் பற்றிப் பரவியிருக்கும் வீரக்கதைகளையும் ஒப்பிடத் தொடங்குகின்றனர். ஆனால் கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளில் இக்கலைகள் ஒன்றோடொன்று மோதிய வரலாறு வேறோர் அளவுகோலைத் தருகிறது: கற்ற பிடியை, அதற்கு இணங்க மறுத்து முழு வலிமையோடு எதிர்க்கும் ஒருவர்மீது ஒவ்வொரு வாரமும் செய்து பார்க்கும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைக்கிறதா என்பதே அது.

இதைத் தெளிவாக உணர்ந்து ஒரு கல்விமுறையாகவே வகுத்தவர் ஜூடோவை உருவாக்கிய ஜப்பானியக் கல்வியாளர் கானோ ஜிகோரோ (1860–1938). சாமுராய்க் காலத்திலிருந்து வந்த ஜுஜுட்சு மரபுகளில் தென்ஜின் ஷின்யோ-ரியூ, கிதோ-ரியூ ஆகிய இரண்டையும் இளமையில் பயின்ற அவர், 1882இல், இருபத்திரண்டு வயதுகூட நிறையாத நிலையில், டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவேயான இடத்தில் கோடோகான் என்ற தம் பள்ளியைத் தொடங்கினார். பழைய மரபுகள் பலவற்றில் உயிர்நிலைகளைத் தாக்குதல், விரலையும் மணிக்கட்டையும் முறித்தல் போன்ற கொடிய உத்திகள் இருந்தன; அவற்றை உண்மையாகவே செய்து பழகினால் உடன் பயில்பவர் முடமாகிவிடுவார் என்பதால், இருவர் முன்கூட்டியே வகுத்துக்கொண்ட அசைவுகளை வரிசை பிசகாமல் செய்து காட்டும் 'காத்தா' முறையே பயிற்சியில் பெரும்பங்கு வகித்தது. கானோ இத்தகைய உத்திகளைக் காத்தாவுக்குள் மட்டும் நிறுத்திவிட்டு, காயமின்றி முழு வலுவோடு செய்யக்கூடிய எறிதல், அழுத்திப் பிடித்தல், முழங்கைப் பூட்டு, கழுத்து நெரிப்பு ஆகியவற்றைக் கொண்டு இருவர் கட்டற்று மோதிப் பழகும் 'ராண்டோரி' என்ற பயிற்சியைத் தம் முறைக்கு முதுகெலும்பாக்கினார்.

இதன் விளைவு, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு முரணாகத் தோன்றக்கூடியது. கொடிய உத்திகளை விலக்கிய பள்ளியின் மாணவர்கள், அவற்றைப் போற்றிக் காத்த பள்ளிகளின் வீரர்களை 1880களில் டோக்கியோ காவல்துறை சார்ந்த போட்டிகளில் வென்று பெயர் பெற்றனர். கண்ணைக் குத்துவது எப்படி என்று அறிந்தவரைவிட, எதிர்ப்பவரை நூறுமுறை எறிந்தும் நூறுமுறை எறியப்பட்டும் பழகியவருக்கே தூரமும் நேரமும் எடைமாற்றமும் உடலில் ஊறியிருக்கும் என்பதில் வியப்பில்லை. "எங்கள் கலை உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கொடியது, ஆகவே மோதிப் பார்க்க முடியாது" என்று இன்றும் சில பயிற்சிக்கூடங்களில் சொல்லப்படுவதைக் கேட்பவர், அந்த வாதத்துக்கு ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

கோடோகானில் பயின்ற மாயேதா மிட்சுயோ பல நாடுகளில் மோதிவிட்டு 1914இல் பிரேசிலை அடைந்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும், கார்லோஸின் தம்பி எலியோவும் தரையில் போரிடும் பகுதியைத் தனிக்கவனத்தோடு வளர்த்தெடுத்ததன் விளைவே இன்றைய பிரேசிலிய ஜியு-ஜிட்சு. கீழே மல்லாந்து கிடப்பவரும் தம் கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்தி, அந்நிலையிலிருந்தே பூட்டும் நெரிப்பும் போடலாம் என்பது இக்கலையின் தனிச்சிறப்பு. கால்களால் அமைக்கும் இந்த அரணைப் பயிற்சிக்கூடங்களில் 'கார்ட்' என்பர். 1951இல் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா மசாஹிகோ, தம்மைவிட எடை குறைந்த எலியோவைத் தோளை முறுக்கும் பூட்டினால் தோற்கடித்தார். தோற்ற தரப்பு அந்தப் பூட்டுக்கு வென்றவரின் பெயரையே சூட்டி, 'கிமுரா' என்று இன்றுவரை கற்பித்து வருகிறது. தோல்வியிலிருந்து கற்கும் இந்த இயல்பு ஒரு கலையின் உயிர்ப்புக்கு நல்ல அறிகுறி.

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில், வெவ்வேறு சண்டைக் கலைகளைச் சேர்ந்தவர்கள் மோதிய முதல் யு.எஃப்.சி. போட்டியில், எலியோவின் மகன் ரோய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை அடக்கிப் பட்டம் வென்றபோது, மற்போரைக் குறைத்து மதித்திருந்த சண்டைக் கலை உலகம் அதிர்ந்தது. குத்துச்சண்டை வீரரும் உதைக்கும் வீரரும் பிடியில் அகப்பட்டதும் செய்வதறியாது திகைத்தனர். இருப்பினும் அப்போட்டியை உருவாக்கியவர்களுள் ரோய்ஸின் அண்ணன் ரோரியனும் ஒருவர் என்பதையும், குடும்பக் கலைக்கு அது மிகச் சிறந்த விளம்பரமாக அமைந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. அடுத்துவந்த ஆண்டுகள் படத்தை மாற்றின. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் மல்யுத்தம் ஆடிய மார்க் கோல்மன் 1996இல் யு.எஃப்.சி.யில் எதிராளிகளை வீழ்த்தி மேலிருந்தே நசுக்கினார்; மல்யுத்தப் பின்னணி கொண்ட ஜப்பானியர் சகுராபா கசுஷி 2000இல் டோக்கியோவில் ரோய்ஸை ஒன்றரை மணி நேரப் போருக்குப் பின் வென்றார்; 2006இல் மேட் ஹியூஸ், மல்யுத்தத்தோடு ஜியு-ஜிட்சுவையும் கற்றுத் தேர்ந்திருந்தவர், அதே ரோய்ஸை முதல் சுற்றிலேயே முடித்தார். ஒரு கலை இன்னொன்றை வென்றது என்று இதற்குப் பொருள் கொள்வதைவிட, எதிர்த்துப் பழகும் கலைகள் அனைத்தும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டன என்பதே பொருந்தும்.

அப்படியானால் இவற்றுக்கிடையே வேறுபாடே இல்லையா என்றால், உண்டு. அது போட்டி விதிகளிலிருந்து பிறக்கிறது. மாணவர் எதற்காகப் புள்ளி பெறுகிறாரோ அதுவே அவருக்குப் பழக்கமாகிறது. ஜூடோவில் எதிராளியை முதுகு தரையில் படும்படி வேகத்தோடும் கட்டுப்பாட்டோடும் எறிந்தால் 'இப்போன்' என்னும் முழு வெற்றி கிடைத்து ஆட்டம் அங்கேயே முடிகிறது. அதனால் எறிதலில் ஜூடோ வீரருக்கு நிகரானவர் அரிது. அதே விதியின் மறுபக்கமாக, விழும்போது முதுகைக் காப்பாற்றக் குப்புறக் கவிழ்ந்து, நடுவர் நிறுத்தும்வரை சுருண்டிருக்கும் வழக்கமும் அவரிடம் வளர்கிறது. ஜியு-ஜிட்சுவில் இப்படி முதுகைக் காட்டுவது மிக மோசமான நிலை. எதிராளியின் முதுகில் ஏறிக் கால்களால் கொக்கி போட்டவருக்கு நான்கு புள்ளியும், வீழ்த்தியவருக்கு வெறும் இரண்டு புள்ளியும் தருவது அதன் விதி. ஆகவே நின்று மல்லாடி எதிராளியை வீழ்த்துவதற்குப் பதிலாகத் தாமே தரையில் அமர்ந்து ஆட்டத்தைத் தொடங்கும் மாணவர்கள் அங்கே பெருகியிருக்கின்றனர். கான்கிரீட் தளத்தில் அது அறிவுடைய செயலாகாது. மல்யுத்தத்தில் இரு தோள்களும் தரையில் அழுந்தினால் தோல்வி என்பதால், மல்லாந்து கிடக்காமல் எப்பாடுபட்டேனும் எழுந்துவிடும் வேட்கை பயில்வானின் எலும்பில் ஊறியிருக்கும். ஆனால் கழுத்து நெரிப்புக்கு அவ்விளையாட்டில் இடமில்லாததால், கழுத்தைக் காக்கும் பழக்கம் அவருக்கு இருப்பதில்லை. சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு 2010இல் கட்டுப்படுத்தி 2013இல் முற்றிலும் தடை செய்த காலைப் பிடித்து வீழ்த்தும் உத்தி, சுதந்திரப் பாணி மல்யுத்தத்தின் அடிப்படை; கிரேக்க-ரோமானியப் பாணியிலோ இடுப்புக்குக் கீழே பிடிக்கவே கூடாது. 1938இல் சோவியத் அரசு விளையாட்டாக ஏற்ற சாம்போவில் எறிதலோடு கால்பூட்டும் சேர்ந்திருக்கிறது. அதை முறையாகக் கற்பிப்பவர்கள் தமிழ்நாட்டில் அரியர் என்பதால் இங்கே அதைப் பற்றி இவ்வளவே போதும்.

மற்போர் தமிழருக்குப் புதியதன்று. முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருது வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். வென்றவனின் ஒரு கால் மார்பை அழுத்தியதையும் மறுகால் எதிராளியின் சூழ்ச்சியைத் தடுத்ததையும் தனித்தனியே கவனித்துச் சொல்லும் அப்பாடல், புலவர் மற்போரை வெறும் வீரமாகப் பாராமல் நுட்பமாகவே பார்த்திருக்கிறார் என்பதைக் காட்டுகிறது. வடஇந்தியாவில் குஸ்தி மண் கோதாவில் தழைத்து, தண்டாலும் பஸ்கியும் சேர்ந்த கடும் பயிற்சி மரபாக நிலைபெற்று, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கே.டி. ஜாதவ் வென்ற வெண்கலம் முதல் 2024 பாரிஸில் அமன் செஹ்ராவத் வென்ற வெண்கலம்வரை நாட்டுக்குப் பதக்கங்களைத் தந்திருக்கிறது. ஆனால் ஒலிம்பிக் மல்யுத்தம் பதின்ம வயதிலேயே தொடங்குவோருக்கு உரியதாகவே நடைமுறையில் இருக்கிறது. முப்பத்தைந்து வயதில் அலுவலகம் முடித்து வரும் ஒருவருக்கென்று வகுப்பு வைத்திருக்கும் மல்யுத்தக் கூடம் கிடைப்பது கடினம். அத்தகையோருக்கு ஜூடோவோ ஜியு-ஜிட்சுவோ பொருந்தும். அவற்றுள்ளும் விழுவதைத் தாங்க இயலாத முதுகும் முழங்காலும் உடையவருக்கு, பெரும்பாலும் தரையிலேயே நடக்கும் ஜியு-ஜிட்சு ஏற்றது. பதக்கக் கனவுள்ள பத்து வயதுப் பிள்ளைக்கு ஒலிம்பிக்கில் இடம்பெற்ற ஜூடோவும் மல்யுத்தமுமே சரியான வழி. தற்காப்பையே முதல் நோக்கமாகக் கொண்டவருக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கத்தி வைத்திருப்பவரிடமும் கூட்டமாக வருபவர்களிடமும் இக்கலைகளுள் எதுவும் நம்பத்தக்க பாதுகாப்பு ஆகாது, பிடியை உதறி எழுந்து ஓடுவதற்குத் தேவையான திறனை இவை தரும், அது சிறிய பயனன்று.

கலையைத் தேர்ந்த பின் கூடத்தைத் தேர்வதே கடினமான பகுதி. ஒரே கலை, ஒரே விதிகள், ஆனால் கற்பிக்கும் முறை வேறானால் விளைவு எவ்வளவு வேறாகும் என்பதற்கு ஜூடோவே துயரமான சான்று. 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோ பயிற்சியின்போது நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தனர் என்ற உண்மை, 2012இல் அந்நாட்டு நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடமான காலத்தில் பெரும் விவாதமாயிற்று. தலையில் அடிபட்டவர்களே அவர்களுள் மிகுதி. விழும் முறையைச் சரிவரக் கற்காத புதிய மாணவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டனர். பின்னோக்கி எறியப்படும்போது முகவாயை மார்போடு ஒட்டி, கையால் தரையை அறைந்து வேகத்தைச் சிதறடிக்கும் 'உக்கேமி' என்னும் விழும் பயிற்சி பழகாதவரின் பின்தலை தரையில் மோதுகிறது என்பது எளிதில் விளங்கும் காரணம். களைத்துப்போன மாணவரையும் தலைவலி என்றவரையும் மன உறுதி என்ற பெயரில் தொடர்ந்து எறியவைத்த பயிற்சிப் பண்பாடு அதைவிடக் கசப்பான காரணம். சுமார் ஐந்து லட்சம் உறுப்பினர்களுடன் ஜப்பானைவிடப் பரவலாக ஜூடோ ஆடப்படும் பிரான்சில் இத்தகைய மரண வரிசை இல்லை என்பதை அவ்விவாதத்தில் பலர் சுட்டிக்காட்டினர். அங்கே ஜூடோ ஆசிரியர் தொழிலை 1955 முதலே அரசு சட்டத்தால் நெறிப்படுத்தி, சான்றிதழ் இல்லாதவர் ஊதியம் பெற்றுக் கற்பிக்க இயலாதவாறு செய்திருக்கிறது. ஜப்பானும் மெல்லப் பாடம் கற்றது. வெற்றி வெறி குழந்தைகளைப் பாதிக்கிறது என்று கூறி, தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசிய ஜூடோ போட்டியை அந்நாட்டுக் கூட்டமைப்பு 2022இல் கைவிட்டது.

இந்தியாவில் ஜூடோ, மல்யுத்தப் பயிற்சியாளர்களுக்குப் பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பட்டயப் படிப்பு உண்டு, என்.ஐ.எஸ். முடித்தவரா என்று கேட்பது எவ்வகையிலும் மரியாதைக் குறைவன்று. ஜியு-ஜிட்சுவுக்கு அத்தகைய அரசுத் தகுதி இல்லாததால், ஆசிரியருக்குப் பெல்ட் கட்டியவர் யார், அவருக்குக் கட்டியவர் யார் என்ற குருவழியே சான்றாகக் கொள்ளப்படுகிறது. வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்ற அதன் வரிசையில் கறுப்பை எட்டப் பொதுவாகப் பத்தாண்டு பிடிக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் கறுப்பு பெல்ட் வாங்கித் தருவதாக விளம்பரம் செய்யும் கூடத்தை ஐயத்தோடு அணுகுவதே சரி. நீல பெல்ட் உடைய நேர்மையான ஒருவர் சிறிய ஊரில் தொடக்க வகுப்பு நடத்துவதில் பிழையில்லை, தம் நிலையை மறைக்காதவரை. பெல்ட் தேர்வு அடிக்கடி நடப்பதும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் வாங்குவதும், யாரும் தோல்வியடையாததும் ஓரிடத்தில் சேர்ந்து காணப்பட்டால், அங்கே விற்கப்படுவது கலையன்று, துணிப்பட்டை.

சான்றிதழைவிட அதிகம் சொல்வது வகுப்பே. சேர விரும்புபவர் ஓர் ஓரமாக அமர்ந்து ஒரு வகுப்பை முழுமையாகப் பார்க்க வேண்டும். பார்க்கவிடாத மாஸ்டரிடம் சேரத் தேவையில்லை. வகுப்பு நேரத்தில் கணிசமான பகுதி எதிர்த்துப் பழகுவதற்கு ஒதுக்கப்படுகிறதா என்பதே முதலில் கவனிக்க வேண்டியது. ஒன்றரை மணி நேரமும் ஒருவர் கையை நீட்டி நிற்க மற்றவர் பிடி போடும் வகுப்பில் எத்தனை ஆண்டுகள் கழித்தாலும் உண்மையான மோதலின் வேகம் பழகாது. அதற்கு நேர்மாறாக, முதல் நாளே புதியவரைக் கூட்டத்தில் தள்ளி நசுங்கவிடும் கூடமும் நல்லதன்று. திறமையான ஆசிரியர் எதிர்ப்பை அளந்து கொடுப்பார்: ஒருவர் மேலே அமர்ந்திருக்க, கீழே இருப்பவர் தப்புவது மட்டுமே இலக்கு என்று குறுகிய ஆட்டமாகத் தொடங்கி, வாரங்கள் செல்லச் செல்லக் களத்தை விரிப்பார்.

அடுத்து, தட்டுதல். பூட்டோ நெரிப்போ இறுகும்போது எதிராளியின் உடலையோ தரையையோ கையால் தட்டுவது 'போதும்' என்பதற்கான அடையாளம். தட்டிய கணமே பிடி தளர வேண்டும் என்பது இக்கலைகளின் மீறக்கூடாத ஒழுக்கம். கழுத்தின் இருபுறமும் உள்ள தமனிகளை அழுத்தும் நெரிப்பில் சுமார் பத்து நொடிகளில் நினைவு தப்பிவிடும் என்பதாலும், குதிகாலை முறுக்கும் பூட்டில் வலி உணரப்படும் முன்பே முழங்கால் தசைநார் கிழியக்கூடும் என்பதாலும், இதில் அலட்சியத்துக்கு இடமில்லை. சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பே குதிகால் பூட்டை 2021 முதல்தான், அதுவும் கனத்த பருத்திச் சட்டையின்றி ஆடும் பிரிவில், பழுப்பு, கறுப்பு பெல்ட் பெற்ற வயதுவந்தோருக்கு மட்டும் அனுமதித்திருக்கிறது. சேர்ந்து ஒரு மாதமான மாணவர் அதை முயல்வதைக் கண்டும் ஆசிரியர் சும்மா இருந்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். தட்டியவரைக் கேலி செய்யும் சிரிப்பு எழுகிறதா, மூத்தவர்கள் எடை குறைந்தவரோடும் பெண்களோடும் மோதும்போது வலுவைக் குறைத்துக்கொள்கிறார்களா, ஆசிரியர் தாமும் இறங்கி மாணவரோடு ஆடுகிறாரா என்பனவெல்லாம் கால் மணி நேரம் கவனித்தாலே புலப்படும்.

வகுப்பைப் போலவே இடத்தையும் கவனிக்க வேண்டும். தரைவிரிப்பில் இடைவெளி விழுந்திருந்தால் கால்விரல் சிக்கி முறியும். சுவரும் தூணும் உறையின்றி அருகே இருந்தால் தலை மோதும். உடலோடு உடல் உராயும் கலை என்பதால் படர்தாமரையும் தோல் கட்டிகளும் எளிதில் பரவும். தரைவிரிப்பை நாள்தோறும் கிருமிநாசினியால் துடைப்பதும், நகம் வெட்டாதவரையும் துவைக்காத சீருடையோடு வருபவரையும் திருப்பி அனுப்புவதும் நல்ல கூடத்தின் அடையாளங்கள். சென்னையின் மே மாத வெயிலில் கனத்த பருத்திச் சீருடைக்குள் ஒன்றரை மணி நேரம் புரளுவோருக்கு நடுநடுவே தண்ணீர் குடிக்க இடைவேளை தருவதும் இதில் அடங்கும். தண்ணீர் கேட்பதைக் கோழைத்தனமாகக் கருதும் மாஸ்டர்கள் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

குழந்தைகளையும் பெண்களையும் சேர்ப்பவர்கள் கூடுதலாகச் சிலவற்றை விசாரிக்க வேண்டும். பிடித்துப் புரளும் கலையில் தொடுதல் தவிர்க்க இயலாதது. ஆகவே மூடிய அறையில் தனிப்பயிற்சி என்று அழைக்கும் வழக்கம் இருக்கக்கூடாது, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்ற நிலை இருக்க வேண்டும், விருப்பமில்லாத இணையோடு ஆட மறுக்கும் உரிமை எந்த மாணவருக்கும் வெளிப்படையாக வழங்கப்பட்டிருக்க வேண்டும். வகுப்பில் ஏற்கெனவே சில ஆண்டுகளாகப் பயிலும் பெண்கள் இருந்தால் அவர்களிடம் பேசுவது எல்லாக் கேள்விகளுக்கும் குறுக்குவழி. பல பெண்கள் சேர்ந்தும் ஒருவர்கூட நிலைக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும். சிறுவர்களுக்கு நெரிப்பும் மூட்டுப் பூட்டும் கற்பிக்காமல் தள்ளிப்போடுவது பல நாடுகளின் ஜூடோ அமைப்புகளில் விதியாகவே இருப்பதால், எட்டு வயதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் நெரித்துப் பழகும் வகுப்பைத் துணிச்சலின் அடையாளமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, ஓராண்டுத் தொகையை முன்கூட்டியே கேட்கும் இடங்களில் அவசரப்படாமல், மாதந்தோறும் செலுத்தும் வழி உண்டா என்று கேட்பது நல்லது; முதல் மூன்று மாதங்களில் நின்றுவிடுவோர் எங்குமே மிகுதி, அந்தப் பணம் திரும்புவதும் அரிது. சீருடையை அந்தக் கூடத்திலேயே, அந்த விலைக்கே வாங்க வேண்டும் என்ற கட்டாயமும், வேறு கூடத்துக்குச் சென்று ஆடக்கூடாது என்ற தடையும் இருக்கின்றனவா என்பதையும் சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டும். தம் மாணவர் வெளியாரோடு மோதுவதை ஆசிரியர் தடுக்கிறார் என்றால், கானோ தம் மாணவர்களை அனுப்பிச் சோதித்துப் பார்த்த அந்தச் சோதனைக்கு அவர் அஞ்சுகிறார் என்றே கொள்ளலாம். பார்வையிடுவதை ஒருமுறையோடு நிறுத்தாமல், தலைமை ஆசிரியர் இருக்கும் நாளில் ஒன்று, அவர் வராமல் மூத்த மாணவர் வகுப்பெடுக்கும் நாளில் ஒன்று என இருமுறை போய்ப் பார்ப்பவருக்கு, அந்தக் கூடத்தின் ஒழுக்கம் ஒருவரைக் கண்டு அஞ்சுவதால் வருவதா, எல்லோருக்கும் பழகிப்போனதா என்பது தெரிந்துவிடும்.